மாற்றிக்கொண்ட வீடுகள்

பெஹ்ராம்பூர்,
முர்ஷிதாபாத் மாவட்டம்.
12 ஜூலை 1950

ஸ்ரீமதி ஜோபேதா காத்தூன் அவர்களுக்கு,

நமஸ்காரம். நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் சமையலறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் ராஜ்ஷாஹியில் என் சமையலறையில் உட்கார்ந்து இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் வீட்டு ஆண்கள் இருவரும் வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு வீடுகளை மாற்றிக்கொண்டார்கள். இந்தியாவில் இருந்த உங்கள் வீடு எங்களுக்கு, பாகிஸ்தானில் இருந்த எங்கள் வீடு உங்களுக்கு. நம் இருவரையும் யாரும் கேட்கவில்லை.

குறை சொல்ல எழுதவில்லை என்று ஆரம்பிக்க நினைத்தேன். அது பொய். குறை சொல்லத்தான் எழுதுகிறேன். மாடிக் கூரை ஒழுகுகிறது, யாரும் சொல்லவில்லை. சரி, போகட்டும். பின்கட்டில் பலாமரத்தடியில் செங்கல் அடுக்கிய சின்ன மேடு ஒன்று இருக்கிறது. துளசி மாடம் கட்டுவதற்காக அங்கே தோண்டச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, உங்கள் கணவர் பெயரைச் சொல்லி, "அங்க தோண்டாதீங்கம்மா. அது வதூத் மியானோட பொண்ணு" என்றார்.

வேலையை நிறுத்திவிட்டேன். ஆனால் என் மாமியார் அன்றிலிருந்து பின்கட்டுக்கே வருவதில்லை. "கல்லறை இருக்கற வீட்டுல நான் எப்படி சாமி கும்பிடறது? சமன் பண்ணச் சொல்லு. இல்லேன்னா என்னைக் காசிக்கு அனுப்பிடு" என்று என் கணவரை நச்சரிக்கிறார். அவர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைக் கேட்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில் எழுதுங்கள். இந்த ஊரில் எனக்குப் பேச ஆளில்லை. வாயைத் திறந்தாலே மீன்காரி, "வந்துட்டாங்கப்பா பாங்கால்" என்று சிரிக்கிறாள். கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே வைத்திருக்கும் பெயர் அது. அவள் பேசுவதும் வங்காளம், நான் பேசுவதும் வங்காளம். இருந்தும் ஒரு விலாங்கு மீன் வாங்குவதற்குள் நான் வெளியூர்க்காரியாகிவிடுகிறேன்.

இப்படிக்கு,
கிரணபாலா லாஹிரி


ராஜ்ஷாஹி
3 ஆகஸ்ட் 1950

மதிப்பிற்குரிய கிரண் திதிக்கு,

ஆதாப். உங்களை அக்கா என்று அழைக்கலாமா என்று தெரியவில்லை. தவறென்றால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். அவள் பெயர் ஹாஸ்னா. வயது இரண்டும் ஒரு மாதமும். வயிற்றுப்போக்கு. 1947 ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி போனாள். நாட்டைப் பிரித்த அந்த நாட்களில் எங்கள் ஊர் பாகிஸ்தானுக்கு என்று சொல்லிக் கொடி ஏற்றியிருந்தார்கள். ஊருக்குள் பதற்றம். இடுகாடு வரை தூக்கிக்கொண்டு போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதனால் பின்கட்டிலேயே அடக்கம் செய்தோம். மூன்றாம் நாள் அந்தக் கொடியை இறக்கிவிட்டு இந்தியக் கொடியை ஏற்றினார்கள். முர்ஷிதாபாத் இந்தியாவுக்கு என்று முடிவாகிவிட்டதாம். மகளைப் புதைத்தபோது இருந்த நாடு, மூன்றாம் நாள் பாத்திஹா ஓதும்போது வேறாகிவிட்டது. அப்போது நான் எதையும் கவனிக்கவில்லை. பிறகு யோசித்ததுதான்.

உங்களிடம் சொல்ல வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன். "சொன்னா யாரும் வீட்டை மாத்திக்க மாட்டாங்க. பேசாம இரு" என்றார். பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு.

சமன் செய்ய வேண்டுமென்றால் செய்துவிடுங்கள். மேலே யாரும் நடக்காதபடி ஏதாவது ஒரு செடி மட்டும் வையுங்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை.

நானும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் பூஜை அறையை ஒரு மாதம் பூட்டியே வைத்திருந்தேன். பிறகு திறந்தேன். கிழக்கு ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் வருகிறது. என் மகன் டுடுல் இப்போது அங்கே உட்கார்ந்துதான் படிக்கிறான். ஆறு வயது. நீங்கள் கோபப்பட்டால் அது நியாயம்தான்.

இங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்கிறார்கள். குழாயடியில் நான் குடத்தை வைத்தால், "இந்தியாக்காரி வந்துட்டா, வழி விடுங்க" என்று ஒருத்தி கேலி பேசுவாள். அவளும் தொழுகிறாள், நானும் தொழுகிறேன்.

ஜோபேதா


பெஹ்ராம்பூர்
2 செப்டம்பர் 1950

ஜோபேதாவுக்கு,

திதி என்றே கூப்பிடு. நானும் இனி "நீங்கள்" போட மாட்டேன். உன் குழந்தையின் தலைமாட்டில் நடந்து திரிந்துவிட்டு மரியாதை பேசிக்கொண்டிருக்க எனக்கு வரவில்லை.

மேட்டைச் சமன் செய்யவில்லை. சுற்றி மல்லிகை வைத்தேன். என் மாமியாரிடம் அந்தப் பிள்ளையின் வயதைச் சொன்னேன். அவரும் இரண்டு பறிகொடுத்தவர். காசிப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

டுடுல் அங்கேயே படிக்கட்டும். சாமியைத்தான் நாங்கள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோமே. ஜன்னல் கதவு மழையில் உப்பிக்கொள்ளும், ஓங்கித் தள்ளச் சொல்.

கிரண் திதி


ராஜ்ஷாஹி
9 மார்ச் 1952

அன்புள்ள திதி,

டாக்காவில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். வங்காளத்தையும் அரசாங்க மொழியாக்கு என்று கேட்ட மாணவர்களைப் போலீஸ் சுட்டுவிட்டது. உருது மட்டும்தான் என்கிறார்கள்.

என் கணவர் தபால் ஆபீஸ் குமாஸ்தா என்பது உங்களுக்குத் தெரியும். நாடு பிரிந்ததிலிருந்து மணியார்டர் படிவம் உருதுவிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. படித்தவர்கள்கூட அவரிடம் வந்து, "வதூத் பாய், இதுல எங்க பேரு எழுதணும்?" என்று கேட்கிறார்கள். அவருக்கும் உருது தெரியாது. எந்தக் கட்டத்தில் எது என்று குறித்து வைத்துக்கொண்டு சொல்கிறார். சுட்ட செய்தி வந்த அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். "முஸ்லிமா இருக்கணும்னு இங்க வந்தோம் ஜோபேதா. இங்க வந்தப்புறம் வங்காளியா இருக்கக் கூடாதுங்கறாங்க. நான் பாதியா எங்க போறது?" என்றார்.

மறுநாள் கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் கதவைத் தட்டினார்கள். செத்தவர்களுக்கு ஒரு நினைவுத் தூண் எழுப்புகிறோம், செங்கல் இருந்தால் கொடுங்கள் என்றார்கள். உங்கள் குளியலறைச் சுவர் போன மழையில் இடிந்து விழுந்ததே, அந்தக் கற்கள் பின்னால் கிடந்தன. எடுத்துக்கொள்ளச் சொன்னேன். டுடுல் இரண்டு கற்களைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு ஓடிவிட்டான். தூண் ஒரு நாள்கூட நிற்கவில்லை. போலீஸ் வந்து இடித்துவிட்டது.

உங்கள் மாமனார் கட்டிய சுவரின் கற்கள். கேட்காமல் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

ஜோபேதா


பெஹ்ராம்பூர்
30 மார்ச் 1952

ஜோபேதா,

உன் கடிதத்தைப் படித்து முதலில் எனக்கு வந்தது கோபம். எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு நல்லவள் வேஷம் போட எனக்குத் தெரியாது. நாங்கள் ஏழு தலைமுறை அந்த ஆற்றங்கரையில் இருந்தவர்கள். மதம் வேறு, போங்கள் என்றீர்கள். வந்தோம். ஐந்து வருஷம்கூட ஆகவில்லை, மதம் ஒன்றாக இருந்தால் போதாது, மொழி வேண்டும் என்கிறீர்கள். இதை அப்போதே யோசித்திருக்கக் கூடாதா? அப்போது எங்கள் மொழி என்ன உருதுவாகவா இருந்தது?

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் தபாலில் போடவில்லை.

நேற்று என் கணவர் பத்திரிகையைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். மாமியார் கேட்டார், "யாரு பசங்க அது, போலீஸ் சுட்டது?"

"டாக்கால, முஸ்லிம் பசங்கம்மா."

"எதுக்குச் சுட்டாங்க?"

"வங்காளத்துல பேசணும்னு கேட்டதுக்கு."

கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு, "நம்ம பசங்கன்னு சொல்லேண்டா மொதல்லயே" என்றார்.

மேலே எழுதியதை நான் அடிக்கவில்லை. அதுவும் உண்மைதான். கல்லைப் பற்றிக் கவலைப்படாதே. டுடுல் இரண்டு கல்தான் தூக்கினானா? எட்டு வயதுப் பையன் மூன்று தூக்கலாம்.

திதி


ராஜ்ஷாஹி
11 மார்ச் 1971

அன்புள்ள திதி,

ஆறு வருஷத்துக்கு முன் இந்தியாவும் பாகிஸ்தானும் போட்ட சண்டைக்குப் பிறகு நம் கடிதங்கள் வருஷத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டன. எழுதினால் உடைத்துப் படிக்கிறார்கள் என்று டுடுல் சொல்வான். இப்போது யார் படித்தாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது.

இவர் இறந்து எட்டு வருஷமாகிறது. இருந்திருந்தால் இந்தத் தேர்தலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார். நாங்கள் ஜெயித்தோம். ஜெயித்தவர்களிடம் ஆட்சியைக் கொடுக்க மேற்கே இருப்பவர்கள் தயாராக இல்லை. கடை, ஆபீஸ், கோர்ட்டு எல்லாம் மூடிக் கிடக்கிறது. டுடுல் கல்லூரிக்குப் போவதில்லை. வகுப்பு இல்லை. ஆனால் தினமும் காலையில் கிளம்பிவிடுகிறான். "வாத்தியாருக்கு என்னடா கூட்டத்துல வேலை?" என்று கேட்டால், "அம்மா, நான் சரித்திரம் சொல்லிக் குடுக்கறவன். நடக்கும்போது வீட்டுல உக்காந்திருந்தா பசங்க சிரிப்பாங்க" என்கிறான்.

மருமகள் ஷிரீன் நாலு மாதம். வாந்தி நிற்கவில்லை. டாக்டர் பாபு ஏதாவது மருந்து எழுதி அனுப்புவாரா? இங்கே இருக்கும் ஹோமியோபதி டாக்டர் எதைக் கேட்டாலும் அதே நாலு உருண்டையைக் கொடுக்கிறார். உங்கள் வீட்டுக்காரர் வைத்தியம் பார்த்த ஊரில் இப்படி ஒருவர் என்று ஜனங்கள் இன்னும் சொல்கிறார்கள்.

பட்டாளம் லாரி லாரியாக வந்து இறங்குகிறது.

ஜோபேதா


பெஹ்ராம்பூர்
17 மார்ச் 1971

ஜோபேதா,

மருந்துச் சீட்டு இதோடு இருக்கிறது. வெறும் வயிற்றில் கொடு.

இரண்டே வரிதான் எழுதப் போகிறேன். ஏதாவது நடந்தால் யோசித்துக்கொண்டு நிற்காதே. ஆற்றைத் தாண்டி வந்துவிடு. இது உன் வீடு.

திதி


பெஹ்ராம்பூர்
8 ஜனவரி 1972

ஜோபேதா,

ஏப்ரலில் ஷிரீனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, கால் முழுக்க ஆற்று மணலோடு வாசலில் வந்து நின்றாய். அன்றுதான் முதல்முறையாக உன் முகத்தைப் பார்த்தேன். எட்டரை மாதம் ஒரே அடுப்பில் சமைத்தோம். உன் பேத்தி பாருல் என் கையில்தான் பிறந்தாள். போகும்போது மட்டும் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துக் கிளம்பிவிட்டாய். கட்டிலில் விரிப்பை மடித்து வைத்திருந்தாய், ஏதோ விடுதியைக் காலி செய்கிறவள் மாதிரி. அதை நான் மன்னிக்கவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். டிசம்பர் பதினாறு. டாக்கா விழுந்துவிட்டது, வங்காள தேசம் பிறந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னதும் தெருவெல்லாம் சங்கு ஊதினார்கள். இவர் இனிப்பு வாங்கி வந்து உன் கையில் வைத்தார். "இனிமே எல்லை எதுக்கு ஜோபேதா? அதுவும் வங்காளம், இதுவும் வங்காளம். எல்லாரும் ஊருக்குப் போவோம்" என்றார். நீ அந்த இனிப்பைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "வாங்க டாக்டர் பாபு. விருந்தாளியா வாங்க" என்றாய்.

அவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இருபத்தொரு வருஷமாக அந்த மனிதர் இந்த ஊரில் காலை ஊன்றவில்லை. நோயாளி வந்தால் மருந்து கொடுப்பார், அவ்வளவுதான். ஆற்றைப் பற்றித்தான் பேச்சு. அந்த நாடு மதத்தின் பெயரால் இருந்தபோது ஆசையை அடக்கிக்கொண்டார். இப்போது நம் மொழியின் பெயரால் ஒரு நாடு வந்திருக்கிறது. அதில் தனக்கு இடம் உண்டு என்று நினைக்கிறார். அது அத்தனை பெரிய தப்பா?

கேட்கச் சொன்னார், அதனால் கேட்கிறேன். திரும்ப மாற்றிக்கொள்ளலாமா? உனக்கும் இது பிறந்த ஊர்தானே. உன் ஹாஸ்னா இங்கேதான் இருக்கிறாள்.

டுடுலைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? தினமும் தபால்காரரைப் பார்க்கிறேன்.

கிரணபாலா


ராஜ்ஷாஹி
24 பிப்ரவரி 1972

அன்புள்ள திதி,

டுடுல் இல்லை. ஏப்ரலில் நானும் ஷிரீனும் படகேறிய மறுநாள் காலையில் பட்டாளத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். புத்தகங்களைப் பத்திரப்படுத்திவிட்டு இரண்டு நாளில் வருகிறேன் என்று சொன்னவன். போன மாதம் ஆற்றுமணலைத் தோண்டினார்கள். ஒரே குழியில் பதினேழு பேர். எது என் பிள்ளை என்று அடையாளம் சொல்ல முடியவில்லை. அதனால் பதினேழு பேருக்கும் சேர்த்துத் தொழுதோம். அதில் இரண்டு பேர் இந்துக்கள் என்று பிறகு அவர்கள் வீட்டார் வந்து சொன்னார்கள். அவர்களும் நின்று அழுதுவிட்டுப் போனார்கள்.

சொல்லாமல் வந்தது தப்பு. உங்கள் முகத்தைப் பார்த்தால் கிளம்ப முடியாது என்று தெரியும். விரிப்பை மடித்தது வழக்கத்தால். அதில் வேறு அர்த்தம் இல்லை. இருந்ததோ என்னவோ.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எழுதக் கை வரவில்லை.

பெஹ்ராம்பூருக்கு வந்த புதிதில் அகதிப் பதிவுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? வெயிலில் வரிசையில் நின்றோம். "எங்க பொறந்தீங்க?" என்று அந்தக் குமாஸ்தா கேட்டார். இதே ஊர்தான் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, பொய் சொன்னா கார்டு கிடைக்காது" என்றார். ராஜ்ஷாஹி என்று எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் நான் கவனமாக இருந்தேன். எந்த அலமாரி எங்கே என்று கை தானாகவே போகும், நிறுத்திக்கொண்டு உங்களைக் கேட்பேன். நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அது உங்கள் வீடு என்று அந்த எட்டரை மாதத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஹாஸ்னாவின் மல்லிகைக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றும்போது, நான் ஜன்னலில் நின்று பார்க்கிறவளாகத்தான் இருந்தேன்.

டாக்டர் பாபு நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத் தெரியும். மொழி ஒன்றுதான். அவர் தூக்கத்தில் பேசுவதுகூட இந்த ஊர்ப் பேச்சு. ஆனால் டுடுல் மொழிக்காக மட்டும் சாகவில்லை. இந்த ஊரை, இந்த ஜனங்களை, நாங்களே ஆள வேண்டும் என்று போனான். அவனுக்கு அது ஒரு நாடு. தொலைந்துபோன ஊர் திரும்பிக் கிடைத்ததாக டாக்டர் பாபு அதைப் பார்க்கிறார். இரண்டும் ஒன்றல்ல. எல்லை எதற்கு என்று அவர் கேட்டபோது, என் பிள்ளை எதற்குப் போனான் என்று கேட்டது போல எனக்கு இருந்தது.

வீட்டைத் திரும்பத் தர முடியாது திதி. அவன் கடைசியாக இறங்கிப்போன வாசல் இது. என்னால் இதைவிட்டு வர முடியாது. அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அல்லது இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

ஜோபேதா


ராஜ்ஷாஹி
19 ஆகஸ்ட் 1973

மதிப்பிற்குரிய திதிக்கு,

ஒன்றரை வருஷமாக நீங்கள் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இப்போது எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒன்று வேண்டித்தான் எழுதுகிறேன்.

நில ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. வீடு இன்னும் டாக்டர் பாபு பெயரில், பவதோஷ் லாஹிரி என்றுதான் இருக்கிறதாம். மாற்றிக்கொண்ட பத்திரம் இருக்கிறது, ஆனால் என் கணவர் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றவே இல்லை. நாளை, நாளை என்று இருந்துவிட்டார். இந்தியாவுக்குப் போனவர்கள் பெயரில் உள்ள சொத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று 65 சண்டையின்போது பாகிஸ்தான்காரர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள். சட்டம் போகவில்லை.

ஆபீசுக்குப் போய் டுடுல் பெயரைச் சொன்னேன். அந்த அதிகாரி எழுந்து நின்று மரியாதை செய்தார். பிறகு உட்கார்ந்து, "சட்டம் இதுதாம்மா. பத்திரத்துல கையெழுத்துப் போட்டவர் நேர்ல வந்து, எனக்கு எந்த உரிமையும் இல்லைன்னு எழுதிக் குடுத்தா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

டாக்டர் பாபுவை நான் விருந்தாளியாக வாருங்கள் என்றவள். இப்போது விருந்தாளியாகக்கூட அழைக்கவில்லை, வந்து கையைக் கழுவிவிட்டுப் போங்கள் என்று கேட்கிறேன். அவர் வர மறுத்தால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஷிரீனும் பாருலும் எங்காவது இருந்துகொள்வார்கள். டிசம்பர் வரை கெடு.

ஜோபேதா


பெஹ்ராம்பூர்
6 நவம்பர் 1973

ஜோபேதா,

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பாத்தியா, அவங்க சர்க்காரே சொல்லுது, வீடு என் பேர்ல இருக்குன்னு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளியை இருபது வருஷமாக நான் பார்த்ததில்லை. என்னால் சகிக்க முடியவில்லை, எழுந்து போய்விட்டேன். இரண்டு மாதம் அந்தக் கடிதம் அவர் மருந்துப் பெட்டிக்குள் இருந்தது. தினமும் எடுத்து அந்த ஒரு வரியைப் படிப்பார்.

நான் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், உன்னுடைய 72 பிப்ரவரிக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதை அப்போது நான் அவருக்குக் காட்டவில்லை. "முடியாதுன்னு எழுதியிருக்கா" என்று மட்டும் சொல்லியிருந்தேன். டுடுல் இல்லை என்பதைச் சொன்னேன், அந்தக் குழியைச் சொல்லவில்லை. உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் செய்தேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவரே போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். விசா கிடைத்ததும் வருவார். தனியாகத்தான் வருவேன் என்கிறார். மூச்சு இரைக்கும், படகில் ஏறும்போது ஒரு கை கொடு. இலிஷ் மீன் கேட்பார், கொடுக்காதே, ஒத்துக்கொள்ளாது. ஒரு துண்டு வேண்டுமானால் கொடு.

திதி


ராஜ்ஷாஹி
2 ஜனவரி 1974

அன்புள்ள திதி,

டாக்டர் பாபு பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்தது. அங்கே எதுவும் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

மூன்று நாள் இருந்தார். முன் அறையில்தான் தங்கினார். உள்ளே வாருங்கள், நீங்கள் பிறந்த அறையைப் பாருங்கள் என்று கூப்பிட்டேன். "வேண்டாம்மா. பாத்தா கையெழுத்துப் போட வராது" என்றார். பாருலுக்கு அவரிடம் வேற்றுமுகமே இல்லை, மடியைவிட்டு இறங்க மாட்டேன் என்றாள். மீன் ஒரு துண்டுதான் கொடுத்தேன். இன்னொன்று அவரே எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் நில ஆபீசுக்குப் போனோம். வாசலில் உட்கார்ந்திருந்த பியூன் அவரைப் பார்த்து எழுந்துவிட்டான். நரைத்த ஆள். "டாக்டர் பாபுதானே? என் தங்கச்சிக்கு டைபாய்டு வந்தப்ப நீங்கதான் பாத்தீங்க. எப்ப ஊருக்கு வந்தீங்க?" என்று காலைத் தொட்டான். உள்ளே ஓடிப்போய் அதிகாரியிடம், "சார், இவரு நம்ம ஊரு டாக்டர்" என்றான்.

டாக்டர் பாபு அவன் தோளில் கை வைத்து, "இல்லப்பா. நான் இந்தியா" என்றார்.

அதிகாரி காகிதம் கொடுத்தார். என்ன எழுத வேண்டும் என்று சொல்லவும் தயாராக இருந்தார். டாக்டர் பாபு கேட்கவில்லை. மருந்துச் சீட்டு எழுதுவது போல ஒரே மூச்சில் எழுதினார். எனக்கும் என் வாரிசுகளுக்கும் இந்த வீட்டில், இந்த மனையில், இதைச் சேர்ந்த மரங்களில் எந்த உரிமையும் இல்லை, 1950 முதல் இல்லை, இனியும் கேட்க மாட்டோம். மரங்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கவில்லை. அவராகச் சேர்த்தார்.

அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். சின்ன வயதுப் பையன், சண்டையில் ஒரு கையில் இரண்டு விரல் போனவன். வேண்டுமென்று கேட்கவில்லை, ஏதோ படிவத்தை நிரப்பத்தான் கேட்டான். "ராஜ்ஷாஹியில வேற ஏதாவது இருக்கா உங்களுக்கு? நிலம், கடை, சொந்தக்காரங்க?"

அவர், "தெரிஞ்சவங்க இருக்காங்க" என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். பியூன் டீ கொண்டுவந்து கொடுத்தான். குடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன், கையால் தடுத்துவிட்டார். மறுநாள் ஆற்றங்கரை வரை போய் படகேற்றிவிட்டேன். மூச்சு இரைத்தது, நீங்கள் சொன்ன மாதிரி கை கொடுத்தேன்.

நேற்று பட்டா என் பெயருக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு வந்து முன் அறையில் உட்கார்ந்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். என்னிடமிருந்து இந்த வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறவர் என்று இரண்டு வருஷம் அவரை மனதுக்குள் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன் திதி. இப்போது வாசலில் யாரும் இல்லை.

ஜோபேதா